ரவுண்டானா எப்போது உயிர் காக்கும்?

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், தலைநகர் இண்டியானாபொலிஸுக்கு வடக்கே கார்மல் என்றொரு ஊர் இருக்கிறது. மக்கள்தொகை சுமார் ஒரு லட்சம். 1996-இல் அங்கே மேயரான ஜிம் பிரெய்னார்டு, இங்கிலாந்தில் படித்த நாட்களில் ரவுண்டானாக்களைப் பார்த்துப் பழகியவர். தன் ஊரிலும் அவற்றைக் கட்டிப் பார்த்துவிடுவது என்று இறங்கினார். ஏழு முறை தொடர்ந்து அந்தப் பதவியில் இருந்து, 2023 முடிவில் அவர் விலகியபோது ஊரில் 150-க்கும் மேற்பட்ட ரவுண்டானாக்கள் இருந்தன. 2020-இல் கார்மலில் சாலை விபத்தில் இறந்தவர்கள் லட்சம் பேருக்குச் சுமார் இரண்டு பேர். அதே ஆண்டு அமெரிக்கா முழுமைக்குமான கணக்கு, லட்சம் பேருக்குப் பதினொன்றுக்கும் மேல்.

இந்த வேறுபாட்டை அப்படியே ரவுண்டானாவின் கணக்கில் எழுதிவிட முடியாது. கார்மல் வசதி படைத்த புறநகர். சாலைகள் நல்லவை, வண்டிகள் புதியவை, நெடுந்தூர லாரிகள் ஊருக்குள் அதிகம் வருவதில்லை. சிறிய ஊரில் ஓர் ஆண்டின் மரணக் கணக்கு மேலும் கீழும் ஆடவும் செய்யும். ஆகவே ஊரை ஊரோடு ஒப்பிடுவதைவிட, ஒரே சந்திப்பை அதன் பழைய நிலையோடு ஒப்பிடுவதே நேர்மையான வழி. புதிதாக ஒரு ரவுண்டானா வந்தபின் அந்தச் சந்திப்பில் என்ன மாறுகிறது? அரை நூற்றாண்டாக ஆய்வாளர்கள் இதைக் கேட்டு வருகிறார்கள். விடையும் பெருமளவு தெளிவாகவே கிடைத்திருக்கிறது. காப்பாற்றுவது வட்ட வடிவம் இல்லை என்பது அந்த விடையின் சாரம். வண்டியின் வேகத்தை வலுவில் குறைக்கும் வளைவும், உள்ளே சுற்றுபவருக்கு வெளியே இருப்பவர் வழிவிடும் விதியும் சேர்ந்துதான் காப்பாற்றுகின்றன. இரண்டில் ஒன்று விட்டுப்போனாலும் நடுவில் மேடு கட்டிய நாற்சந்திதான் மிஞ்சும்.

எண்கள் சொல்வது

ஒரு சந்திப்பை மாற்றுவதற்கு முன்னும் பின்னும் நடந்த விபத்துகளை எண்ணினால் போதும் என்று தோன்றும். அதில் ஒரு பொறி இருக்கிறது. விபத்து என்பது தற்செயல் நிறைந்த நிகழ்வு. ஒரு சந்திப்பில் ஓர் ஆண்டு ஏழெட்டு விபத்து நடந்தால் செய்தி வரும், மறியல் நடக்கும், அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள். அடுத்த ஆண்டு யாரும் ஒன்றும் செய்யாமலேயே அது மூன்று நான்காகக் குறைந்திருக்கக்கூடும். இடையில் அங்கே ஒரு ரவுண்டானா கட்டியிருந்தால் பெயர் ரவுண்டானாவுக்குப் போய்விடும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

இந்தப் பொறியில் விழாமலிருக்க, ஆய்வாளர்கள் 'எம்பிரிக்கல் பேய்ஸ்' என்ற புள்ளியியல் முறையைக் கையாள்கிறார்கள். அதே அளவு வண்டிகள் ஓடும் அதே மாதிரிச் சந்திப்புகள் பலவற்றின் சராசரியையும், குறிப்பிட்ட சந்திப்பின் பழைய பதிவையும் சேர்த்து நிறுத்து, மாற்றம் ஏதும் செய்யாமலிருந்தால் எத்தனை விபத்து நடந்திருக்கும் என்று முதலில் கணிக்கிறார்கள். பிறகு, உண்மையில் நடந்ததை அந்தக் கணிப்போடு ஒப்பிடுகிறார்கள்.

இந்த முறையில் அமெரிக்காவின் 24 சந்திப்புகளை ஆராய்ந்த முடிவு 2001-இல் வெளிவந்தது. 'நில்' பலகையோ சிக்னலோ இருந்து ரவுண்டானாவாக மாறிய இடங்கள் அவை. மொத்த மோதல்கள் 38 சதவீதம் குறைந்திருந்தன. காயம் ஏற்படுத்திய மோதல்கள் 76 சதவீதம் குறைந்திருந்தன. உயிரைப் பறிக்கும் அல்லது ஆளை முடக்கிப்போடும் விபத்துகளின் வீழ்ச்சி ஏறத்தாழ 90 சதவீதம். 2007-இல் அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலை ஆய்வுத் திட்டம் 55 சந்திப்புகளை எடுத்துக்கொண்டு செய்த ஆய்வும் அதே பாதையில்தான் நின்றது: மொத்தத்தில் 35 சதவீதம், காயத்தில் 76 சதவீதம் குறைவு. கார்மலிலேயே 64 ரவுண்டானாக்களை வைத்துச் செய்த பிந்தைய ஆய்வில், காயமேற்படுத்தும் விபத்துகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தன.

இந்த எண்களின் வரிசையைக் கவனிக்க வேண்டும். மோதல் எந்த அளவுக்குக் கொடியதோ அந்த அளவுக்கு வீழ்ச்சியும் பெரிது. உரசல்கள் ஓரளவுக்குத்தான் குறைகின்றன, காயங்கள் முக்கால் பங்கு குறைகின்றன, மரணங்கள் அரிதாகிவிடுகின்றன. ஓட்டுபவர் ரவுண்டானாவிலும் தவறு செய்கிறார். கவனம் சிதறுகிறது, இடைவெளியைத் தப்பாகக் கணிக்கிறார், பிரேக்கைத் தாமதமாக மிதிக்கிறார். அந்தத் தவறுக்கு அவர் கொடுக்கும் விலைதான் இறங்குகிறது.

வளைவு செய்யும் வேலை

நான்கு சாலைகள் நேராக வந்து வெட்டிக்கொள்ளும் சாதாரணச் சந்திப்பில், வண்டிகளின் பாதைகள் ஒன்றோடொன்று மோதக்கூடிய புள்ளிகள் 32. பிரியும் இடங்கள் எட்டு, சேரும் இடங்கள் எட்டு, குறுக்கே வெட்டும் இடங்கள் பதினாறு. ஒற்றைத் தட ரவுண்டானாவில் மொத்தமே எட்டுதான்: நான்கு சேருமிடம், நான்கு பிரியுமிடம். குறுக்கே வெட்டும் புள்ளி ஒன்றுகூட இல்லை.

ஆளைக் கொல்லும் மோதல்கள் அந்தப் பதினாறு புள்ளிகளில்தான் நடக்கின்றன. நேரே வரும் கார் இன்னொரு காரின் பக்கவாட்டில் போய் இடிக்கும்போது, உள்ளே இருப்பவருக்கும் இடிக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு கதவுதான் தடுப்பு. முன்பக்கத்தில் என்ஜினும் நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் கட்டமைப்பும் இருக்கின்றன. பக்கவாட்டில் அந்த வசதி இல்லை. சிவப்பு விளக்கை மதிக்காமல் பாய்பவரால் நேரும் விபத்தும், எதிர்த்திசையில் வண்டி வருவதைக் கவனிக்காமல் வலப்பக்கம் திரும்புபவரால் நேரும் விபத்தும் இந்த வகை. ரவுண்டானாவில் எல்லோரும் ஒரே திசையில் சுற்றுவதால், மோதல் நேர்ந்தாலும் சாய்வான கோணத்தில் உரசலாகவோ, பின்னால் முட்டுவதாகவோ முடிகிறது.

வேகம் இதைவிட முக்கியம். மோதும் ஆற்றல் வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. மணிக்கு 30 கிலோமீட்டரில் போகும் வண்டியின் மோதல் ஆற்றல், 60-இல் போவதன் கால் பங்குதான். நல்ல ரவுண்டானாவுக்குள் மணிக்கு 30 முதல் 40 கிலோமீட்டருக்கு மேல் நுழையவே முடியாதபடி பாதை அமைந்திருக்கும். இதைப் பலகை செய்வதில்லை, போலீஸ்காரரும் செய்வதில்லை. தார்ச்சாலையின் வடிவமே செய்கிறது.

எப்படி என்று அருகில் போய்ப் பார்க்கலாம். சாலை வட்டத்தை நெருங்கும் இடத்தில், வருகிற தடத்தையும் போகிற தடத்தையும் பிரிக்க ஒரு முக்கோணத் திட்டு இருக்கும். அது வண்டியை இடப்பக்கம் ஒதுக்குகிறது. அடுத்து நடுத்திட்டு எதிரே நிற்பதால் நேராகப் பாய வழியில்லை. இடப்பக்கம் ஒதுங்கி, வலப்பக்கம் வளைந்து, மறுபடி இடப்பக்கம் திரும்பித்தான் வெளியேற முடியும். இந்த மூன்று வளைவுகளும் போதிய அளவு இறுக்கமாக இருந்தால் வேகம் தானாகக் குறையும். நடுத்திட்டைச் சுற்றிச் சற்றே உயர்த்திய கல்பதித்த வளையம் ஒன்று இருக்கும். கார் ஏறினால் குலுங்கும். நீளமான லாரியின் பின்சக்கரங்கள் அதன்மீது ஏறித் திரும்பிக்கொள்ளும். வட்டத்தைக் கார்களுக்கு இறுக்கமாகவும் லாரிகளுக்கு இசைவாகவும் வைக்கும் உபாயம் அது. ஒற்றைத் தட ரவுண்டானாவின் வெளிவிட்டம் பொதுவாக 27 முதல் 55 மீட்டர்.

வட்டம் பெரிதாக இருந்தால் நல்லது என்று நினைப்பது இயல்பு. நடைமுறை அதற்கு நேர்மாறு. பெரிய வட்டத்தில் வளைவு தளர்ந்துவிடும், வேகம் ஏறிவிடும், பாதுகாப்பு இறங்கிவிடும்.

யார் யாருக்கு வழிவிடுவது

வட்டச் சந்திப்புகள் பழையவை. நியூயார்க்கின் கொலம்பஸ் சர்க்கிளில் வில்லியம் ஃபெல்ப்ஸ் ஈனோ 1905-இல் வண்டிகளை ஒரே திசையில் சுற்றவிட்டார். பாரிஸில் யூஜீன் எனார் அதே காலத்தில் அதே யோசனையை முன்வைத்தார். பின்னர் அமெரிக்காவெங்கும் பெரிய பெரிய வட்டங்கள் கட்டப்பட்டன. ஆனால் 1950-களுக்குள் அவை கெட்ட பெயர் எடுத்துவிட்டன. கூட்டம் கூடினால் வட்டம் மொத்தமாக உறைந்து நின்றது.

காரணம் விதியில் இருந்தது. அமெரிக்காவிலும் பிரான்ஸிலும் சாலையின் வலப்பக்கம் ஓட்டுகிறார்கள். வலப்புறமிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும் என்பது அங்கே பழைய பொதுவிதி. அந்த நாடுகளில் வட்டத்தை இடஞ்சுழியாகச் சுற்றுவதால், புதிதாக நுழைபவர் எப்போதும் சுற்றுபவரின் வலப்புறத்தில் இருப்பார். எனவே உள்ளே சுற்றுபவர் நின்று, வெளியே இருந்து வருபவரை விட வேண்டும். உள்ளே இருப்பவர் வெளியேற முடியாது, வெளியே இருப்பவர் வந்துகொண்டே இருப்பார். நிரம்ப நிரம்ப இன்னும் நிரம்பும். பாரிஸின் எத்துவால் வட்டத்தில், பன்னிரண்டு அவென்யூக்கள் வந்து சேரும் அந்தச் சந்திப்பில், இன்றைக்கும் இந்தப் பழைய விதிதான்.

பிரிட்டனில் 1966 நவம்பரில் இந்த முடிச்சு அவிழ்ந்தது. அரசின் சாலை ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த ஃபிராங்க் பிளாக்மோர் உள்ளிட்டோரின் சோதனைகளுக்குப் பிறகு, வட்டத்துக்குள் இருப்பவருக்கே முன்னுரிமை, நுழைபவர் காத்திருக்க வேண்டும் என்பது விதியானது. இந்த ஒரு வரி மாற்றத்தால் வட்டம் உறைவது நின்றது. வண்டிகள் வேகமாகப் பின்னிப் பிணைந்து தடம் மாறுவதற்கென நீளமான பாதை தேவைப்படாததால், வட்டத்தின் அளவும் சுருங்கியது. பிளாக்மோர் அதை இன்னும் சுருக்கி, நான்கு மீட்டருக்குள் அடங்கும் வெள்ளை மேட்டை நடுவில் வைத்து 'மினி ரவுண்டானா' செய்தார். 1972-இல் ஸ்விண்டன் நகரில் ஐந்து குட்டி ரவுண்டானாக்களை வளையமாகக் கோத்து அமைத்த 'மேஜிக் ரவுண்டானா' இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பிரான்ஸ் 1980-களில் புதிய விதிக்கு மாறியது. இன்று அங்கே 30,000-க்கும் மேற்பட்ட ரவுண்டானாக்கள். அமெரிக்காவில் நவீன ரவுண்டானா 1990-இல்தான், நெவாடா மாநிலத்தின் சம்மர்லினில் முதலில் வந்தது.

இந்தியாவுக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம். வட்டத்தை வலஞ்சுழியாகச் சுற்றுகிறோம். நுழைபவருக்கு வலப்புறத்திலிருந்துதான் சுற்றும் வண்டி வரும். கட்டுப்பாடில்லாத சந்திப்பில் வலப்புறமிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் சாலை விதிகளே சொல்லின. அந்தப் பழைய விதியைக் கடைப்பிடித்திருந்தாலே உள்ளே இருப்பவருக்கு முன்னுரிமை கிடைத்திருக்கும். 2017-இல் வந்த ஓட்டுநர் ஒழுங்குமுறைகள் ரவுண்டானாவுக்குள் இருப்பவருக்கே முன்னுரிமை என்று வெளிப்படையாகவே கூறுகின்றன. ஆக, சட்டத்தில் குறையில்லை.

நெரிசல் குறையுமா

சிக்னலை எடுத்துவிட்டு ரவுண்டானா வைத்தால் வண்டிகள் வேகமாகக் கடக்குமா என்ற கேள்விக்கு, எத்தனை வண்டி என்பதைப் பொறுத்தே பதில். நுழைபவர் தனக்குப் போதுமான இடைவெளி வரும்வரை காத்திருந்து புகுகிறார். கார் ஓட்டும் ஒருவருக்கு அந்த இடைவெளி நான்கைந்து விநாடி. சுற்றில் ஓட்டம் கூடக்கூட அத்தகைய இடைவெளி அரிதாகும். அமெரிக்கப் பொறியாளர்களின் சாலைக் கொள்ளளவுக் கையேட்டில் இதற்கொரு சூத்திரம் உண்டு. அதன்படி, வட்டத்துக்குள் வண்டியே இல்லையென்றால் ஒரு தடத்திலிருந்து மணிக்கு 1,380 கார்கள் நுழையலாம். உள்ளே மணிக்கு 400 கார்கள் சுற்றினால் ஏறத்தாழ 920 நுழையலாம். 1,000 சுற்றினால் 500-ஆகக் குறையும்.

இதை நான்கு பக்கத்துக்கும் தனித்தனியே பச்சை கொடுக்கும் சிக்னலோடு ஒப்பிடலாம். நம் ஊர்களில் பெரும்பாலும் அந்த முறைதான். தடையில்லாத ஒரு தடம் மணிக்கு 1,900 கார்களைக் கடத்தும் என்று கொண்டாலும், பச்சை கிடைப்பது கால்வாசி நேரம். அதிலும் மஞ்சள் விளக்குக்கும் கிளம்பும் தாமதத்துக்கும் போக, தடமொன்றுக்கு 400-ஐ ஒட்டித்தான் மிஞ்சும். நடுத்தரக் கூட்டத்தில் ரவுண்டானா முந்துவதற்கு இதுதான் காரணம். நள்ளிரவில் ஆளில்லாத சந்திப்பில் சிவப்பு விளக்கின்முன் நிற்கும் வெட்டி நேரமும் மிச்சம்.

ஆனால் இதற்கு எல்லை உண்டு. ஒற்றைத் தட ரவுண்டானா நாளொன்றுக்கு 20,000 முதல் 25,000 வண்டிகள்வரை தாங்கும். இரட்டைத் தடம் அதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. அதற்குமேல் போனால் திணறும். இந்தியச் சாலைப் பேரவை 1976-இல் வெளியிட்ட நெறிமுறை, எல்லாப் பக்கமும் சேர்த்து மணிக்கு 3,000 வண்டிகளை உச்ச வரம்பாக வைத்தது. 2017-இல் அந்த நெறிமுறை திருத்தப்பட்டது.

கூட்டம் சமமாகப் பிரியாத இடத்திலும் சிக்கல்தான். காலையில் ஒரே சாலையிலிருந்து வண்டிகள் விடாமல் வந்தால், அடுத்த வாயிலில் நிற்பவருக்கு இடைவெளியே கிடைக்காது. ஆஸ்திரேலியாவில் இத்தகைய இடங்களில் நெரிசல் நேரத்தில் மட்டும் எரியும் சிக்னலைப் பெருஞ்சாலையில் வைத்து, மற்றவர்க்கு அவ்வப்போது வழி திறந்துவிடுகிறார்கள். இன்னொன்று, வெளியேறும் பாதையில் அடைப்பு. நூறு மீட்டர் தள்ளி ரயில்வே கேட்டோ இன்னொரு சிக்னலோ இருந்து, அங்கே தேங்கும் வரிசை வட்டத்துக்குள் நீண்டால், அந்தப் பக்கம் போகாதவர்களும் சேர்ந்து மாட்டிக்கொள்வார்கள். ஒரு வாயில் அடைத்தால் நான்கும் அடைக்கும்.

சுற்றுப்புறத்துக்கு வேறு விளைவுகளும் உண்டு. சிக்னல் வண்டிகளைக் கும்பலாகத் திறந்துவிடுவதால் கும்பலுக்கும் கும்பலுக்கும் நடுவே சாலை காலியாகும். பக்கத்துத் தெருக்காரர் அந்த நேரத்தில் உள்ளே நுழைவார். ரவுண்டானா வந்தபின் வண்டிகள் பிரிந்து பிரிந்து தொடர்ச்சியாக வரும். அந்தக் காலி நேரம் மறைந்துபோகும். பதிலுக்கு, பத்திரமாகத் திரும்பிவர ஓரிடம் கிடைக்கிறது. சாலை நடுவே தடுப்பை மூடிவிட்டு, 'இடப்பக்கம் போய் வட்டத்தில் சுற்றி வாருங்கள்' என்று சொல்ல முடிகிறது.

முதல் சில மாதங்கள்

புதிய ரவுண்டானா திறந்ததும் ஊரில் முதலில் எழுவது முணுமுணுப்பு. கேன்சஸ், மேரிலாந்து, நெவாடா மாநிலங்களில் நடத்திய கணக்கெடுப்பில், கட்டுவதற்கு முன் ஆதரித்தவர்கள் 31 சதவீதம்தான். கட்டிப் பழகியபின் அது 63 சதவீதமானது. பார்க்காத ஒன்றின்மேல் இருந்த பயம் பழக்கத்தில் கரைந்திருக்கிறது.

முணுமுணுப்பில் நியாயமும் இல்லாமலில்லை. இரட்டைத் தட ரவுண்டானாக்களில் ஆரம்பத்தில் சிறு மோதல்கள் கூடுவது பல இடங்களில் பதிவாகியிருக்கிறது. உள்தடத்தில் சுற்றுபவர் வெளித்தடத்தைக் குறுக்கே கடந்து வெளியேறும்போதும், நுழைபவர் இரண்டு தடங்களுக்கும் வழிவிட மறக்கும்போதும் உரசல் நேர்கிறது. வாஷிங்டன் மாநிலத்தில் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், இரட்டைத் தட ரவுண்டானாக்களில் மோதல்கள் ஆண்டுக்குச் சராசரியாக 9 சதவீதம் வீதம் குறைந்துகொண்டே வந்தது தெரிந்தது. ஓட்டுபவர்கள் கற்றுக்கொள்ளக் காலம் பிடிக்கிறது. ஆகவே திறந்த மூன்றாம் மாதம் எடுக்கும் கணக்கை வைத்து ஒரு ரவுண்டானாவைப் பாராட்டுவதும் பழிப்பதும் ஒருசேரத் தப்பு. குறைந்தது மூன்று ஆண்டுக் கணக்கு வேண்டும். அதிலும் உரசல்களைத் தனியாகவும் காயங்களைத் தனியாகவும் எண்ண வேண்டும்.

யாருக்கு இந்தப் பலன் போய்ச் சேரவில்லை

மேலே சொன்ன எண்கள் பெரும்பாலும் காரில் போகிறவர்களின் எண்கள். பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் 91 ரவுண்டானாக்களை ஆராய்ந்து 2008-இல் வெளியான முடிவு வேறு கதை சொல்கிறது. அங்கே சைக்கிளில் போனவர்கள் காயமடைந்த விபத்துகள் 27 சதவீதம் அதிகரித்திருந்தன. படுகாயமும் மரணமும் 40 சதவீதத்துக்கும் மேல் அதிகம். வட்டத்துக்குள்ளேயே ஓரமாகச் சைக்கிள் தடம் போட்ட இடங்கள்தான் மிக மோசம். வெளியேறத் திரும்பும் கார், தன் பக்கவாட்டில் ஓரத்தில் சுற்றும் சைக்கிளைக் காண்பதில்லை. சைக்கிள் பாதையை வட்டத்துக்கு வெளியே தனியாக அமைத்த இடங்கள் பரவாயில்லை.

நடப்பவர்களுக்கு ஒற்றைத் தட ரவுண்டானா பொதுவாக நல்லது. முக்கோணத் திட்டில் நின்று, ஒரு நேரத்தில் ஒரு திசையை மட்டும் பார்த்துக் கடக்கலாம். வண்டியும் மெதுவாக வரும். இரட்டைத் தடத்தில் அந்த நன்மை குறைகிறது. முதல் தடத்துக் கார் நின்று வழிவிட, அதன் மறைவில் இரண்டாம் தடத்துக் கார் நிற்காமல் வரும். பார்வையற்றவர்களுக்கு இன்னும் கடினம். சிக்னலில் வண்டிகள் நிற்கும் ஓசையைக் கேட்டுக் கடக்கப் பழகியவர்களுக்கு, ஓயாமல் சுழலும் இரைச்சலில் இடைவெளி காதுக்குப் பிடிபடாது.

இரட்டைத் தடத்தின் குழப்பத்தைத் தீர்க்க நெதர்லாந்தின் பொறியாளர் லாம்பெர்டஸ் ஃபோர்டைன் 1990-களில் 'டர்போ ரவுண்டானா'வை வடிவமைத்தார். நுழையும்போதே போக வேண்டிய திசைக்கான தடத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். தடங்களுக்கு நடுவே தாழ்வான கல்வரம்பு இருப்பதால் உள்ளே தடம் மாற முடியாது.

நம் ஊர் ரவுண்டானா

2022-இல் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம்: 64,105. இறந்தவர்கள் 17,884 பேர். நாடு முழுவதும் இறந்தவர்களில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வண்டியில் போனவர்கள், 19.5 சதவீதம் பேர் நடந்து போனவர்கள். அமெரிக்காவின் 90 சதவீதத்தை அப்படியே இறக்குமதி செய்ய முடியாததற்கு இந்த இரண்டு எண்களே போதும். இங்கே கதவின் தடுப்புகூட இல்லாதவர்கள்தான் பெரும்பாலும் சாகிறார்கள்.

அவர்களுக்கும் வேகம்தான் எமன் என்பதால், மெதுவாக்கும் வளைவு அவர்களுக்கே அதிகம் தேவை. ஆனால் நம் பழைய ரவுண்டானாக்களைப் பாருங்கள். நடுவில் தலைவர் சிலை, சுற்றி இரும்பு வேலி, வேலியில் பிறந்தநாள் ஃபிளெக்ஸ். ஃபிளெக்ஸின் மறைவில், சுற்றி வரும் வண்டி நுழைபவரின் கண்ணுக்குத் தெரிவதில்லை. முக்கோணத் திட்டு பல இடங்களில் இல்லை; இருந்தால் நாலு மணல் மூட்டையும் ஒரு போலீஸ் தடுப்பும். வெளியேறும் வாயிலிலேயே பஸ் ஸ்டாப். பஸ்ஸுக்கு முன்னால் ஷேர் ஆட்டோ. அதற்குப் பின்னால் தேங்கும் வரிசை வட்டத்துக்குள். சக்கரங்கள் ஒதுக்கிய மணல் ஓரத்தில் குவிந்து கிடக்கும். வளைவில் சாய்ந்து திரும்பும் பைக்குக்கு அந்த மணல் போதும். வட்டம் பெரிதாக இருந்தால், முக்கால் சுற்று சுற்ற மனமில்லாத பைக்காரர் எதிர்த்திசையில் வலப்பக்கம் சட்டென்று ஒடித்துப் போய்விடுவார். அவரைத் திட்டுவது எளிது. அத்தனை பெரிய வட்டம் அங்கே எதற்கு என்றும் கேட்க வேண்டும்.

வழிவிடும் விதி நடைமுறையில் இல்லாததால், கூட்டம் கூடியதும் காவல்துறை ரவுண்டானாவுக்குள்ளேயே சிக்னல் நடுகிறது. சண்டிகரின் பழைய வட்டங்கள் பலவற்றில் இதுதான் நடந்தது. புதுச்சேரியில் இந்திரா காந்தி சிலைச் சதுக்கத்திலும் சிலையைச் சுற்றிச் சிக்னல்தான் ஆள்கிறது. பெரிய சந்திப்புகளில் சிக்னலோடு இயங்கும் ரவுண்டானா பிரிட்டனிலும் உண்டு. கணக்குப் போட்டு அமைத்தால் அது வேலை செய்யும். ஆனால் பச்சை விழுந்ததும் வண்டிகள் வேகமெடுத்துப் பாய்கிற இடத்தில், மெதுவாக வந்து வழிவிட்டுப் போவதன் பாதுகாப்பு கிடைக்காது.

கோயம்புத்தூரில் அண்மைக் காலத்தில் பல சந்திப்புகளில் சிக்னலை நிறுத்திவிட்டு யூ-டர்ன்களையும் ரவுண்டானாக்களையும் கொண்டுவந்திருக்கிறார்கள். லாலி ரோடு சந்திப்பு அதில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று. காத்திருப்பு குறைந்ததில் வண்டி ஓட்டுபவர்களுக்கு மகிழ்ச்சி. சிக்னலில் வண்டிகள் நிற்கும்போது சாலையைக் கடந்து பழகிய பாதசாரிக்கு அந்தச் சில விநாடிகள் இல்லாமல் போவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நிற்காமல் ஓடுவதை மட்டும் வெற்றி என்று அளந்தால், நடப்பவர் அந்த அளவையில் வரவே மாட்டார்.

ஆகவே உங்கள் ஊரில் அடுத்த ரவுண்டானாவுக்கு அடிக்கல் நாட்டும்போது, எந்தத் தலைவருக்குச் சிலை என்பதற்கு முன்னால் கேட்க வேண்டியவை சில உண்டு. நுழையும் வண்டியை 30 கிலோமீட்டருக்கு இறக்கும் வளைவு வரைபடத்தில் இருக்கிறதா? ஒவ்வொரு வாயிலிலும் நடப்பவர் நின்று கடக்கத் திட்டு உண்டா? பஸ் ஸ்டாப் வெளியேறும் வாயிலிலிருந்து தள்ளிப் போகிறதா? 'உள்ளே இருப்பவருக்கு வழிவிடு' என்ற பலகையும் கோடும் போட்டு, அதைப் பழக்கும் பொறுப்பை யார் ஏற்கிறார்கள்? திறப்பதற்கு முந்தைய மூன்று ஆண்டு விபத்துக் கணக்கையும் பிந்தைய மூன்று ஆண்டுக் கணக்கையும் மாநகராட்சி பொதுவில் வைக்குமா? இந்தக் கேள்விகளுக்கு விடை இருக்கிற ரவுண்டானா உயிர் காக்கும் என்பதற்கு ஐம்பது ஆண்டுச் சான்று இருக்கிறது. விடை இல்லாததற்குச் செலவழிக்கும் பணத்தை, அதே சந்திப்பில் நல்ல நடைபாதை போடச் செலவழிப்பது மேல்.